குடியை விடும் முடிவும் அதற்குப் பின் வரும் ஓராண்டும்: கம்பம் பள்ளத்தாக்கில் குடிநோய்க்கான சிகிச்சை வழிகள்

முல்லைப் பெரியாற்றின் நீரை நம்பிக் கூடலூரிலிருந்து பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கரில் இருபோக நெல் விளையும் கம்பம் பள்ளத்தாக்கில் வேலைநாள் விடியலுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. ஏலத்தோட்டங்களுக்குப் பெண்களை ஏற்றிச் செல்லும் ஜீப்புகள் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு மலைச்சாலைகளில் இருட்டோடு ஏறுகின்றன. திராட்சைப் பந்தலில் கவாத்துக்கும் மருந்தடிப்புக்கும் போகும் ஆண்கள் வெயில் ஏறுமுன் வேலையில் இறங்கி, உச்சிப்பொழுதை ஒட்டிக் கூலியோடு திரும்புகிறார்கள். டாஸ்மாக் கடைகள் திறப்பதும் பகல் 12 மணிக்கே. மலையிலிருந்து ஜீப்புகள் இறங்கி வரும் மாலைவரை உள்ள இடைவெளியில் பல வீடுகளின் அன்றைய ஆண் கூலி கரைந்துவிடுகிறது என்பதால், குடியைப் பற்றிய பேச்சு இங்கு ஒழுக்கத்தைப் பற்றிய பேச்சாக இருப்பதைவிட வீட்டு வரவுசெலவைப் பற்றிய பேச்சாகவே பெரும்பாலும் இருக்கிறது.

'இனிமேல் தொடமாட்டேன்' என்ற சொல்லைக் கேட்காத தெரு இந்தப் பள்ளத்தாக்கில் குறைவு. அதைச் சொல்பவர் சொல்லும் வேளையில் மனமாரத்தான் சொல்கிறார் என்பதைக் குடிநோய் மருத்துவம் நெடுங்காலத்துக்கு முன்பே ஏற்றுக்கொண்டுவிட்டது. சிக்கல், அந்தச் சொல்லுக்கும் முறையான சிகிச்சைக்கும் இடையிலுள்ள தூரத்தில் இருக்கிறது. மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக டெல்லி எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளியிட்ட நாடு தழுவிய ஆய்வு, மதுச் சார்புக்கு ஆளானவர்களில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் ஒரு சிகிச்சை பெற்றார் என்றும், மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றவர் 180 பேருக்கு ஒருவரே என்றும் கண்டது. மதுச் சார்பு என்பது, குடிக்கும் அளவைத் தன் கட்டுப்பாட்டில் வைக்க இயலாமை, குடிக்காவிட்டால் உடல் படும் பாடு, முன்பு போதுமாயிருந்த அளவு இப்போது போதாமை, தீங்கு தெரிந்தும் தொடர்தல் போன்ற குறிகள் ஒன்றுசேர்ந்து தோன்றும் நோய்நிலையாகும்.

கடை வந்த வழி

1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜியின் அமைச்சரவை சேலம் மாவட்டத்தில் தொடங்கிய மதுவிலக்கு, 1948இல் சென்னை மாகாணம் முழுவதற்கும் விரிந்து, 1971இல் தளர்ந்து, 1974இல் மீண்டு, 1981இல் மறுபடி தளர்ந்தது. 1983இல் மொத்த விற்பனைக்காகத் தொடங்கப்பட்ட டாஸ்மாக் நிறுவனம், 2003 நவம்பர் இறுதியில் சில்லறை விற்பனையையும் ஏற்றது. 2023 ஜூன் 22 அன்று 500 கடைகள் மூடப்பட்டன. எனினும் 2024–25இல் மது விற்பனை வழியாக அரசுக்குக் கிடைத்த வருவாய் ரூ.48,344 கோடி. மதுவிலக்கு வேண்டுமா வேண்டாமா என்ற வழக்கு அரசியல் மேடைகளில் தொடரட்டும்; இன்று கை நடுக்கத்தோடு எழும் ஒருவருக்கு அந்த வழக்கின் தீர்ப்புவரை காத்திருக்க நேரமில்லை.

பெட்டிச் செய்தி: ஒரு குவார்ட்டரின் கணக்கு

டாஸ்மாக் கடையில் விற்கும் பிராந்தி, ரம், விஸ்கி ஆகியவற்றின் பாட்டிலில் 42.8 சதவீத ஆல்கஹால் என அச்சிட்டிருக்கும். 180 மி.லி. கொண்ட ஒரு குவார்ட்டரில் ஏறத்தாழ 60 கிராம் தூய ஆல்கஹால் உள்ளது. மருத்துவர்கள் 10 கிராமை ஓர் அலகாகக் கொள்வதால் ஒரு குவார்ட்டர் 6 அலகு. இருவர் பங்கிட்டுக்கொள்ளும் 'கட்டிங்' ஆளுக்கு 3 அலகு. 8 சதவீத ஆல்கஹால் கொண்ட 650 மி.லி. 'ஸ்ட்ராங்' பீரில் 4 அலகு இருப்பதால், 'பீர்தானே' என்ற ஆறுதலுக்கு இடமில்லை.
2024 பிப்ரவரி விலை உயர்வுக்குப் பின் சாதாரண ரகக் குவார்ட்டர் ரூ.140. நாளுக்கு ஒன்று என்றால் மாதம் ரூ.4,200, ஆண்டுக்கு ரூ.51,100. கலைஞர் மகளிர் உரிமைத் தொகையாக அதே வீட்டுப் பெண்ணுக்கு வருவது மாதம் ரூ.1,000.

முடிவு உருவாகும் விதம்

குடியை விடும் முடிவு ஒரு நொடியில் வருவதாகத் திரைப்படங்கள் பழக்கிவிட்டன. அமெரிக்க உளவியலாளர்கள் ஜேம்ஸ் புரோச்சாஸ்காவும் கார்லோ டிக்லெமென்டேயும் 1983இல் முன்வைத்த படிநிலைக் கோட்பாடு வேறு விதமாகச் சொல்கிறது: சிக்கலே இல்லை என்ற நிலை, சிக்கல் இருக்கலாம் என இரு மனமாக நிற்கும் நிலை, ஆயத்தம், செயல், செயலைக் காத்தல் என மனிதர் முன்னும் பின்னுமாக நகர்கிறார், ஒரே படியைப் பலமுறை ஏறி இறங்குகிறார். இவற்றுள் இரண்டாவதான இரு மனநிலையே குடும்பங்களை மிகுதியாகக் களைப்படையச் செய்கிறது. ஏனெனில் அந்நிலையில் இருப்பவர் காலையில் ஒன்றும் மாலையில் மற்றொன்றுமாகப் பேசுவது ஏமாற்று வேலையாகத் தோன்றும். மஞ்சள்காமாலை, போதையில் வண்டி ஓட்டியதற்கான வழக்கு, மகளுக்கு வரன் பார்க்க வந்தவர்கள் ஊரில் விசாரித்துவிட்டுத் திரும்பிப் போனது போன்ற நிகழ்வுகள் அவரை மூன்றாம் படிக்குத் தள்ளுகின்றன. அந்தச் சில நாள்கள் அருமையானவை. அவ்வேளையில் எங்கே போவது, யாரைப் பார்ப்பது என்ற விடை வீட்டில் ஆயத்தமாக இல்லாவிட்டால், காமாலை இறங்கியதும் முடிவும் இறங்கிவிடும்.

இரு மனமாக நிற்பவரோடு வாதிட்டால் அவர் குடியின் பக்கத்து வழக்கறிஞராகவே மாறிவிடுவார் என்பதைக் கண்ட வில்லியம் மில்லர் என்ற உளவியலாளர், அதே 1983இல், அறிவுரையைக் குறைத்துக் கேள்வியைக் கூட்டும் பேச்சுமுறை ஒன்றை வகுத்தார். ஊக்கமூட்டும் உரையாடல் என்று அறியப்படும் அம்முறையில், மாற வேண்டிய காரணங்களை மருத்துவர் அடுக்குவதில்லை, நோயாளியின் வாயிலிருந்தே அவை வரவழைக்கப்படுகின்றன. இதில் குடும்பத்தார் எடுத்துக்கொள்ளத்தக்க எளிய பாடங்கள் இரண்டு உண்டு. போதையில் இருக்கும் இரவில் பேசாமல், தெளிந்திருக்கும் காலையில் பேச வேண்டும். 'குடியால் குடும்பமே அழிந்தது' என்பதற்கு மாறாக 'போன சனிக்கிழமை பையனின் பள்ளிக் கட்டணம் செலவாகிவிட்டது' என்று குறித்த ஒன்றைப் பேச வேண்டும்.

முடிவுக்கு அடுத்த வேலை அளவீடு. உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய 'ஆடிட்' என்ற பத்துக் கேள்விப் பட்டியல், எத்தனை நாளுக்கு ஒருமுறை, எவ்வளவு, நிறுத்த முடியாமல் போனதுண்டா, காலையில் எழுந்ததும் தேவைப்பட்டதுண்டா என்று கேட்டு 40க்கு மதிப்பெண் இடுகிறது. 8ஐ எட்டினால் கேடு தரும் குடி; 20ஐத் தொட்டால் சார்பு இருக்கக்கூடும் என்பதால் மருத்துவர் முழுமையாகச் சோதித்தாக வேண்டும். எல்லாக் குடிக்கும் ஒரே மருந்து என்ற எண்ணம் இந்த அளவீட்டில் உடைகிறது. 10 மதிப்பெண் பெற்றவரைத் தொலைவிலுள்ள மையத்தில் மாதக்கணக்கில் அடைப்பது வீண், 30 பெற்றவரிடம் கோயிலில் சத்தியம் வாங்கி வீட்டில் உட்காரவைப்பது ஆபத்து.

கார்த்திகை மாலையும் கை நடுக்கமும்

அந்த ஆபத்தைப் புரிந்துகொள்ளக் கம்பம் பள்ளத்தாக்கைப் போல் பொருத்தமான இடம் வேறில்லை. சபரிமலைக்குச் செல்லும் முதன்மைப் பாதைகளில் ஒன்று தேனி, உத்தமபாளையம், கம்பம், குமுளி வழியாகப் போகிறது. கார்த்திகை முதல் தேதியில் மாலை போட்டு 41 நாள் ஒரு மண்டல விரதம் காப்பவர்கள் மதுவைத் தொடுவதில்லை. ஆண்டு முழுதும் குடித்தவரும் அந்நாள்களில் குடிக்காதிருப்பதை ஊர் கண்ணாரக் காண்கிறது. மருத்துவ நோக்கில் பார்த்தால், ஒரு நல்ல சிகிச்சைத் திட்டத்துக்கு வேண்டிய பல கூறுகள் விரதத்தில் அமைந்திருக்கின்றன: எல்லோருக்கும் தெரியும் அடையாளமான மாலையும் வேட்டியும், வழிகாட்டும் குருசாமி, கூடவே விரதமிருக்கும் தோழர்கள், இருவேளைக் குளியலும் பூசையுமாக நிரப்பப்பட்ட நாள், முன்பு பேர் சொல்லியோ ஏளனமாகவோ அழைத்தவர்களே 'சாமி' என்று அழைக்கும் மரியாதை. எந்த மறுவாழ்வு மையமும் பணம் கொடுத்து வாங்க முடியாத மரியாதை அது.

விரதத்தில் இல்லாதவை இரண்டு. முதலாவது, தொடக்க நாள்களுக்கான மருத்துவப் பாதுகாப்பு. நாள்தோறும் நிறையக் குடித்துவந்த உடலில், மதுவின் அமுக்கும் விசையை ஈடுகட்டுவதற்காக நரம்பு மண்டலம் தன்னை மேலான கிளர்ச்சியில் வைத்துப் பழகியிருக்கிறது; மது திடீரென நின்றதும் அந்தக் கிளர்ச்சி எதிர்ப்பின்றி வெளிப்படுகிறது. கடைசிக் குடிக்குப் பின் 6 மணி முதல் 24 மணி நேரத்துக்குள் கை நடுக்கம், வியர்வை, குமட்டல், படபடப்பு, தூக்கமின்மை தொடங்கும். முதல் இரண்டு நாள்களுக்குள் வலிப்பு வரலாம். மூன்றாம் நாளை ஒட்டிச் சிலருக்குக் காலமும் இடமும் தெரியாத குழப்பமும், இல்லாத பூச்சியும் ஆளும் கண்ணில் தெரியும் மாயத்தோற்றமும், காய்ச்சலும் சேர்ந்த நடுக்கச் சித்தப்பிரமை என்ற நிலை ஏற்படும். இந்நிலை சிகிச்சையின்றி விடப்பட்டால் உயிரைக் குடிக்கக்கூடியது. 'சாமி வந்துவிட்டது', 'காத்துக் கருப்பு' என்று வீட்டார் கோடாங்கியைத் தேடும் பொழுதில் உண்மையில் தேவைப்படுவது ஆம்புலன்ஸ். நின்று நின்று தொடங்கும் குடியில் ஒவ்வொரு நிறுத்தத்தின்போதும் இந்த விலகல் குறிகள் முந்தையதைவிடக் கடுமையாகக்கூடும் என்பதும் மருத்துவம் அறிந்த செய்தி. ஆகவே 'போன வருசம் மாலை போட்டபோது ஒன்றும் ஆகவில்லையே' என்பது இந்த ஆண்டுக்கான உத்தரவாதம் ஆகாது. விரதத்துக்கு மாலை போடுவதற்கு முன், ஐப்பசி இறுதியிலேயே, ஒருமுறை மருத்துவரைப் பார்த்துவிட்டால் இந்த ஆபத்தில் பெரும்பகுதி நீங்கிவிடும்.

இரண்டாவது குறை, விரதத்துக்கு முடிவு நாள் உண்டு என்பது. மாலையைக் கழற்றியதும் அடையாளம், தோழமை, மரியாதை ஆகிய மூன்றும் ஒருசேர விலகுகின்றன. மதுவை விலக்கும் நோன்பு நடக்கும் இதே பள்ளத்தாக்கில், குச்சனூர் சனீஸ்வரர் கோயிலில் ஆடித் திருவிழாவின்போது சோணைக் கருப்பணசாமிக்கு மது பாட்டில்களைக் காணிக்கையாகப் படைக்கும் வழக்கமும் இருக்கிறது. இரண்டும் மக்களின் நம்பிக்கைகள்; அவற்றை விமர்சிப்பது இங்கு நோக்கமில்லை. குடியை விட்டவர் வாழப்போகும் ஊரில் திருவிழா, கெடாவெட்டு, துக்க வீடு, அறுவடைக் கூலி நாள் என மது இயல்பாகப் புழங்கும் நாள்கள் வந்துகொண்டே இருக்கும் என்பதையும், ஆண்டின் எந்த மாதத்துக்கும் செல்லுபடியாகும் ஏற்பாடு தேவை என்பதையும் மட்டும் அது காட்டுகிறது.

எந்த நிலைக்கு எந்தச் சிகிச்சை

சிகிச்சையின் முதல் கட்டம் நச்சு நீக்கம் எனப்படுகிறது. குளோர்டயஸிபாக்சைடு அல்லது டயஸிபாம் போன்ற மருந்தை முதலில் போதிய அளவில் கொடுத்து, 5 முதல் 10 நாள்களுக்குள் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவதன் மூலம் விலகல் குறிகள் அடக்கப்படுகின்றன. கல்லீரல் கெட்டவர்களுக்கு லோரஸிபாம் தேர்ந்தெடுக்கப்படுகிறது. இம்மருந்துகளே பழக்கமாகக்கூடியவை என்பதால் மருந்துக் கடையில் தாமாக வாங்குவது ஒரு சார்பை மற்றொன்றால் மாற்றுவதில் முடியும். இதனோடு தயமின் என்ற பி1 வைட்டமின் ஊசி இன்றியமையாதது. நெடுநாள் சோறின்றிக் குடித்தவருக்குத் தயமின் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால், மூளையைத் தாக்கி நினைவாற்றலையே நிலையாகப் பறிக்கும் வெர்னிக்கே நோய் தூண்டப்படலாம்; 'ஒரு பாட்டில் ஏத்துங்க, தெம்பாயிடும்' என்று சிறு கிளினிக்கில் கேட்கும் வழக்கம் இங்குப் பரவலாக இருப்பதால் இது அழுத்திச் சொல்லத்தக்கது.

நடுக்கம் குறைவாகவும், வீட்டில் பொறுப்பான ஒருவர் உடனிருக்கவும் இயலுமானால் வெளிநோயாளியாகவே இக்கட்டத்தைக் கடக்கலாம். முன்பு வலிப்போ சித்தக் குழப்பமோ வந்தவர், எழுந்தவுடன் குடித்தால்தான் கை நிற்கும் நிலையில் உள்ளவர், காமாலையோ இரத்த வாந்தியோ கண்டவர், முதியவர், தற்கொலை எண்ணம் உள்ளவர், தனியே வாழ்பவர் ஆகியோரை மருத்துவமனையில் சேர்த்தே நிறுத்தச் செய்ய வேண்டும். தேனி மாவட்டத்தில் க.விலக்கில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு இதற்கான முதன்மை இடம். கூடலூரிலிருந்து அது ஏறத்தாழ 60 கிலோமீட்டர். ஒருமுறை போய்வர ஒரு நாள் கூலி போகும் என்பதால், சேர்க்கைக்கு அங்கும் தொடர் கவனிப்புக்கு அருகிலும் என்று பிரித்துக்கொள்வதே நடைமுறைக்கு ஏற்றது. மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்கள் வட்டார அரசு மருத்துவமனைகளுக்குக் குறிப்பிட்ட நாள்களில் வருகிறார்கள். இவை தவிர, 2025 பிப்ரவரியில் 'கலங்கரை' என்ற பெயரில் 25 ஒருங்கிணைந்த போதை மீட்பு மையங்களைத் தமிழ்நாடு அரசு தொடங்கியிருக்கிறது. எதிலும் ஐயம் இருப்பின் 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணும், போதை மீட்புக்கான 14446 என்ற தேசிய எண்ணும், 104 என்ற மாநில எண்ணும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன.

நச்சு நீக்கம் முடிந்ததும் நோயாளி நன்றாகச் சாப்பிடுகிறார், முகம் தெளிகிறது, வீடு நிம்மதி அடைகிறது. சிகிச்சை முடிந்துவிட்டது என்று நினைப்பதும் அப்போதுதான். உண்மையில் அதுவரை நடந்தது ஆயத்தம் மட்டுமே. மறுபடி குடிக்காமல் காக்கும் இரண்டாம் கட்டத்துக்கு மாதங்கள் ஆகும். அதற்குத் துணையாக நான்கு மருந்துகள் உள்ளன. அகாம்ப்ரோசேட் குடி நின்ற பின்னான அமைதியின்மையைக் குறைக்கிறது. கல்லீரல் கெட்டவர்க்கும் ஏற்றதாயினும் சிறுநீரகம் கெட்டவர்க்கு ஆகாது. நால்ட்ரெக்சோன் குடியின் இன்பத்தை மட்டுப்படுத்தி அளவைக் குறைக்க உதவுகிறது. இவ்விரண்டையும் உலக சுகாதார நிறுவனம் 2023இல் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. கல்லீரல் சுருங்கியவர்களுக்குப் பாக்லோபென் பயன்படுகிறது.

நான்காவதான டைசல்பிராம் பற்றித் தனியே சொல்ல வேண்டும். 1940களின் இறுதியில் டென்மார்க்கில் கண்டறியப்பட்ட இம்மருந்து, மது உடைபடும்போது தோன்றும் அசிட்டால்டிஹைடை மேற்கொண்டு உடையவிடாமல் தடுக்கிறது. மருந்து உடலில் இருக்கையில் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தியும் இரத்த அழுத்தச் சரிவும் வரும். விளைவைத் தெரிந்து, சம்மதித்து, மனைவியோ தாயோ பார்க்க நாள்தோறும் விழுங்குபவருக்கு இது நல்ல வேலி. சாம்பாரிலும் ரசத்திலும் அவருக்குத் தெரியாமல் கலக்கும் 'மருந்து வைத்தல்' குற்றமும் ஆபத்தும் ஆகும். தெரியாமல் குடித்தவரின் இதயம் அந்தத் தாக்குதலைத் தாங்காமல் போகலாம். 'குடிப்பவருக்குத் தெரியாமல் குடியை நிறுத்தலாம்' என்று பேருந்து நிலையச் சுவர்களில் ஒட்டப்படும் விளம்பரங்களைப் பொறுத்தவரை, எந்தப் பொடியில் என்ன கலந்திருக்கிறது என்று தெரியாதபோது அவற்றை வாங்காமலிருப்பதே சிகிச்சை.

பெட்டிச் செய்தி: மையத்தில் சேர்க்கும் முன்

2018இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, மதுவாலும் போதைப்பொருளாலும் வரும் மனநிலைக் கோளாறுகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் கொண்டுவருகிறது. ஆகவே மறுவாழ்வு மையம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். அந்தச் சான்றைக் கேட்டுப் பார்ப்பது குடும்பத்தின் உரிமை.
தானே விரும்பிச் சேர்ந்தவர் வெளியேற விரும்பினால் மறித்து வைக்க முடியாது. மனநல வல்லுநர் தேவை கண்டால் 24 மணி நேரம்வரை மட்டும் மதிப்பீட்டுக்காக இருத்தலாம். முடிவெடுக்கும் நிலையில் இல்லாதவரை, நியமனப் பிரதிநிதியின் விண்ணப்பத்தோடும் மருத்துவர்களின் மதிப்பீட்டோடும் 30 நாள்வரை சேர்க்கலாம்.
சங்கிலியால் கட்டுவதற்கும் கட்டாயமாக மொட்டையடிப்பதற்கும் கட்டாய வேலை வாங்குவதற்கும் சட்டத்தில் இடமில்லை.
கேட்க வேண்டியவை: மனநல மருத்துவர் எந்நாள்களில் வருகிறார்? வலிப்பு வந்தால் எந்த மருத்துவமனை? குடும்பத்தார் எப்போது பார்க்கலாம்? வீடு திரும்பிய பின் தொடர்சந்திப்புகள் எத்தனை? கடைசிக் கேள்விக்கு விடை இல்லாத மையத்தைத் தவிர்ப்பது நல்லது.

ஆள் வைத்துத் தூக்கிப் போவது

குடும்பம் பொறுமை இழந்த நிலையில், வேன் அனுப்பி ஆளைத் தூக்கிப் போகும் மையங்களின் தொலைபேசி எண்ணே முதலில் கையில் கிடைக்கிறது. மாநிலத்தின் பல இடங்களில் இத்தகைய மையங்களில் அடியும் மரணமும் நேர்ந்து வழக்குகள் பதிவாகியிருக்கின்றன. அடி நேராத இடத்திலும் இம்முறைக்கு உள்ளார்ந்த குறை ஒன்று உண்டு. கடையே இல்லாத இடத்தில் மூன்று மாதம் குடிக்காமல் இருந்தவர், கடை இருக்கும் ஊரில் கூலி வாங்கிய மாலையைக் கடக்கப் பழகவில்லை; திரும்பி வரும்போது தூக்கிக் கொடுத்த குடும்பத்தின் மேல் வன்மமும் சேர்ந்து வருகிறது. வீட்டில் பாதுகாப்பே இல்லாதபோதும், பலமுறை முயன்று தோற்றபோதும் தங்கிப் பெறும் சிகிச்சை உண்மையிலேயே தேவைப்படும். அதனை முதல் மருந்தாக ஆக்கியதுதான் தவறு.

எந்தப் பேச்சுச் சிகிச்சை சிறந்தது என்ற கேள்விக்கு அமெரிக்காவில் 1,726 பேரிடம் நடத்தி 1997இல் வெளியிடப்பட்ட 'பிராஜெக்ட் மேட்ச்' ஆய்வு விடை தேடியது. சிந்தனை–நடத்தைச் சிகிச்சை, ஊக்கமூட்டும் சிகிச்சை, ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் வழியான பன்னிரு படி முறை ஆகிய மூன்றும் ஏறத்தாழ ஒரே அளவு பயனளித்தன. இன்னாருக்கு இன்ன முறை எனப் பொருத்துவதால் கிடைத்த கூடுதல் பயன் சொற்பம். 1935இல் ஓஹாயோ மாநிலத்தில் இரு குடிநோயாளிகள் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், கட்டணமோ பதிவேடோ இன்றி நடக்கும் சுயஉதவிக் குழு. 27 ஆய்வுகளைத் தொகுத்த 2020ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பாய்வு, தொடர்ந்து குடிக்காதிருப்பதில் அதன் வழிமுறை பிற சிகிச்சைகளுக்கு இணையாகவோ மேலாகவோ இருப்பதாகக் கண்டது. ஐயப்ப விரதம் முடிந்ததும் காணாமல் போகும் அந்தத் தோழமையை, தை மாதத்துக்குப் பிறகும் வாரந்தோறும் தருவது இத்தகைய குழு ஒன்றே. குழு இல்லாத ஊரில், முன்பு குடியை விட்டு நிற்கும் இருவர் மூவர் கூடினாலே அதற்கு அடித்தளம் அமைந்துவிடும்.

மனநல வல்லுநர் அரிதான ஊர்களுக்கு இந்தியாவிலேயே இரு முன்மாதிரிகள் உள்ளன. கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் கேடு தரும் அளவில் குடித்த 377 ஆண்களில் ஒரு பகுதியினரிடம், பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள் சில அமர்வுகளே பேசியதில், மூன்று மாதத்தில் 36 சதவீதத்தினர் கேடான குடியிலிருந்து மீண்டனர். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் அது 26 சதவீதம் என 2017இல் லான்செட் இதழ் வெளியிட்டது. மற்றொன்று தமிழகத்திலேயே நடந்தது. 1980இல் சாந்தி ரங்கநாதன் சென்னையில் நிறுவிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளை, திருவாரூர் மாவட்ட மஞ்சக்குடியில் நடத்திய முகாம்களில், கிராமத்துக் குடிநோயாளிகள் நகர மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்படாமல் தம் ஊர்ப்பக்கத்திலேயே குழுவாகச் சிகிச்சை பெற்றனர். குடும்பத்தாரும் ஊர்க்காரர்களும் அதில் பங்கேற்றனர். ஒரே ஊரிலிருந்து பலர் ஒன்றாக விடுவதால், திரும்பிய பின் பழைய கூட்டாளிகளே புதிய காவலர்களாகிறார்கள். உத்தமபாளையத்திலோ சின்னமனூரிலோ இத்தகைய முகாமை நடத்தக் கட்டடமும் பெரும் செலவும் தேவையில்லை. திருமண மண்டபம் காலியாக இருக்கும் ஆடி மாதம் போதும்.

வீடு திரும்பிய பின்

குடி நின்ற முதல் மூன்று மாதங்களே மறுபடி வழுக்கும் வாய்ப்பு மிகுந்த காலம். தூக்கம் சீராக வாரங்களும் மாதங்களும் ஆகலாம் என்பதைச் சொல்லி வைக்காவிட்டால், 'குடிச்சாத்தான் தூக்கம் வருது' என்று அவரே முடிவு கட்டிக்கொள்வார். பசி, கோபம், தனிமை, களைப்பு ஆகியவை ஏக்கத்தைத் தூண்டுபவை. கூலியைத் தினம் கையில் வாங்காமல் வாரத்துக்கு ஒருமுறை வங்கிக் கணக்கில் பெறுவதும், கடை இருக்கும் சாலையை விட்டு வேறு வழியாக வீடு திரும்புவதும், ஒரு மணிக்கு முன் சோறு உண்பதும் சிறிய ஏற்பாடுகளாகத் தோன்றினாலும் ஆலோசகர்கள் ஒவ்வொரு அமர்விலும் திட்டமிடுபவை இவைபோன்றவற்றையே.

மனைவியின் நிலை பற்றிப் பொதுவாக யாரும் கேட்பதில்லை. பல ஆண்டுகள் வரவுசெலவு, பிள்ளைகள், அடி, அவமானம் அனைத்தையும் ஒற்றையாகச் சுமந்தவரிடம், கணவர் ஒரு மாதம் குடிக்காததற்காக நம்பிக்கையை உடனே திருப்பித் தரச் சொல்வது நியாயமாகாது. அவருக்கே மனச்சோர்வுக்கான சிகிச்சையோ, குடும்பத்தாருக்கான அல்-அனான் போன்ற குழுவோ தேவைப்படலாம். வன்முறை இருக்கும் வீட்டில் சிகிச்சையைக் காரணம் காட்டி அதனைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதும் இல்லை. 181 என்ற மகளிர் உதவி எண் அதற்கானது. தமிழகத்தில் குடிக்கும் பெண்கள் மிகக் குறைவென்றே தேசியக் குடும்பநல ஆய்வு காட்டுகிறது. குறைவு என்பதாலேயே அவர்கள் பேச்சிலும் மருத்துவமனை வரிசையிலும் மறைந்துபோகிறார்கள், ஆண்களைவிடக் குறைந்த அளவிலும் குறைந்த ஆண்டுகளிலும் அவர்களது கல்லீரல் கெடுகிறது.

சிகிச்சைக்குப் பின் ஒருநாள் குடித்துவிட்டால் எல்லாம் போயிற்று என்று இரு தரப்பும் கைவிடுவதே மிகுந்த கேட்டைத் தருகிறது. ஒரு மாலைக் குடி வழுக்கல். அதற்கு நச்சு நீக்கம் பெரும்பாலும் தேவைப்படாது, எந்த இடத்தில், யாரோடு, எதனால் என்று பேசி மருந்தைச் சரிபார்த்தால் போதும். டைசல்பிராம் எடுப்பவர் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் அடுத்த மாத்திரையைப் போடக்கூடாது. பல வாரம் தினக்குடியாகத் திரும்பியிருந்தால் மட்டுமே முதலிலிருந்து தொடங்க வேண்டும். எனவே வழுக்கிய நாளுக்கும் மருத்துவரை மறுபடி பார்க்கும் நாளுக்கும் இடையே எத்தனை நாள் கழிகின்றன என்பதில்தான் பெரும் வேறுபாடு விளைகிறது. மனநல மருத்துவர் வட்டார மருத்துவமனைக்கு வரும் கிழமை எது என்று கேட்டறிந்து, வீட்டு நாள்காட்டியில் அடுத்த ஓராண்டுக்கும் முன்கூட்டியே வட்டமிட்டு வைத்திருக்கும் குடும்பத்துக்கு அந்த இடைவெளி ஒரு வாரத்தைத் தாண்ட வேண்டியதில்லை.